தொகுதி தாண்டிய நாற்காலிகள்

என் புருஷன் பாலன் மாரடைப்பில் போனார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சர்க்கரை முற்றி, கிட்னி கெட்டு, டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்த மனுஷன்தானே, எப்படியும் போயிருப்பார் என்று சொந்தக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எல்லாரும் நன்றாக இருக்கட்டும். அவரைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியும். அவர் கூடப் பிறந்த அண்ணன் ஜெயராஜ்தான். கத்தி எடுக்கவில்லை, கை ஓங்கவில்லை. ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் செய்தார்.

மலேசியாவில், கம்போங் மேடானில் எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு ப்ளாக். நாங்கள் ஏ, ஜெயராஜ் மாமா பி. புருஷனின் அண்ணனை மாமா என்று கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். இரண்டு ப்ளாக்கையும் எட்டாவது மாடியில் ஒரு நடைபாலம் இணைக்கிறது. கம்பம் என்று நாங்கள் சொல்கிற பழைய கிராமத்து வீடுகளை உடைத்துவிட்டு எங்களுக்கெல்லாம் ஃப்ளாட் கொடுத்தபோது, அண்ணனும் தம்பியும் யார் யாரிடமோ கெஞ்சி வீட்டை மாற்றிக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்தார்கள். அந்த வீட்டு மீன் குழம்பு இங்கே வரும், இந்த வீட்டு ரசம் அங்கே போகும். என் மகள் விஷ்ணுப்ரியா பாதி நாள் பெரியப்பா வீட்டில்தான் தூங்குவாள். சாயங்காலம் ஆனால் அண்ணனும் தம்பியும் பாலத்தில் நின்று கீழே போகிற வருகிற கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு தொகுதி எல்லையைத் திருத்தினார்கள். அது நடந்தது இரண்டாயிரத்துப் பதினெட்டுத் தேர்தலுக்கு முன்னால். வரைபடத்தை ஒரு மண்டபத்தில் மாட்டி, ஆட்சேபம் இருந்தால் நூறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இவர்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். நாடாளுமன்றத் தொகுதிக் கோடு எங்கள் கார் நிறுத்துகிற இடத்தின் நடுவே போனது. ஏ ப்ளாக் ஒரு தொகுதி, பி ப்ளாக் இன்னொரு தொகுதி.

"டேய் பாலா, நீ இனிமே வெளிநாடுடா," என்று அன்றைக்கு மாமா பாலத்தில் நின்று சிரித்தார். "இந்தப் பக்கம் வரணும்னா பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வா."

இவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மறுநாளே ஏ ப்ளாக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்சேபத்துக்குக் கையெழுத்து கேட்டார். மாமாவிடம் போனபோது, "எதுக்குடா? முதல்ல யாரு நிக்கிறாங்கன்னு பார்ப்போம்லா," என்று சொல்லிவிட்டார். அவர் பேனாவைத் தொடவில்லை. அவர் போடாததால் பி ப்ளாக்கில் பாதிப் பேர் போடவில்லை. எங்கள் ஆட்சேபம் போன சுவடே தெரியவில்லை.

சில வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுப் போடும் நாளில் அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போவோம், அதோடு சரி. அடுத்த தேர்தலில்தான் வினை வந்தது. பி ப்ளாக் தொகுதியில் ஜெயித்தவர் அரசாங்கத்துப் பக்கம். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் எதிர்க்கட்சி. மலேசியாவில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், எந்த ஒய்.பி. கையில் மானியம் இருக்கும், எந்த ஒய்.பி. கையில் வெறும் வணக்கம் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். எம்.பி.யை நாங்கள் ஒய்.பி. என்றுதான் சொல்வோம், மரியாதைக்கு.

அந்தச் சமயத்தில் இரண்டு ப்ளாக்கிலும் லிஃப்ட் செத்துக் கிடந்தது. பி ப்ளாக்குக்கு அவர்கள் ஒய்.பி. புது லிஃப்ட் போட்டுக் கொடுத்தார். உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. எங்கள் லிஃப்ட்டின் கதவில் யாரோ கரியால் ஒரு மண்டை ஓடு வரைந்து வைத்திருந்தார்கள்.

ஏ ப்ளாக்காரர்கள் என்ன செய்வார்கள்? பி லிஃப்ட்டில் எட்டாவது மாடிக்கு ஏறி, பாலத்தைத் தாண்டி, அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். சமையல் கேஸ் தோம்பு, அரிசி மூட்டை, குழந்தை வண்டி எல்லாம் பாலம் வழியாக வந்தது. எனக்கு அது வரப்பிரசாதம். அப்போதுதான் இவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் வேன் கீழே வந்து நிற்கும். போகும்போது இறங்கிவிடுவார். நாலு மணி நேரம் படுத்து எழுந்து வருகிற ஆளால் எட்டு மாடி ஏற முடியுமா?

மாமா அப்போது பி ப்ளாக் கமிட்டித் தலைவர். ஒய்.பி. ஒரு கூட்டத்தில் அவர் தோளில் கை போட்டு "சேர்மேன்" என்று கூப்பிட்டாராம். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த முறை நகராண்மைக் கழக உறுப்பினர் பதவி அவருக்குத்தான் என்று யாரோ காதில் ஊதியும் விட்டார்கள். லிஃப்ட்டைத் தன் வீட்டுச் சாமி மாதிரிப் பார்த்துக்கொண்டார். யார் பட்டனை இரண்டு தடவை அழுத்தினாலும் கத்தினார். ஒரு நாள் காலையில் பார்த்தால் பாலத்தின் நடுவே கம்பிக் கிரில், அதில் கை தடிமனுக்கு ஒரு பூட்டு. சாவி அவர் இடுப்பில்.

நான் கிரில்லைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். சாரோங்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னா மாமா இது?"

"கமிட்டி முடிவுமா. லிஃப்ட்டு தாங்கல. இது ஒய்.பி. எங்க ஏரியாவுக்குக் கொடுத்தது. வெளி ஏரியாக்காரங்க ஏறி இறங்கிக் கெட்டுப் போச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

"வெளி ஏரியாவா? உங்க தம்பி மாமா!"

"எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும் தனம். அப்புறம் என் மரியாதை என்னா ஆவுறது?"

"டயாலிசிஸ் நாளைக்கு மட்டும் திறங்க. நானே வந்து சாவி வாங்கிக்கிறேன். திரும்பக் கொண்டாந்து உங்க கையில கொடுத்துடுறேன்."

அவர் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். மனசு இளகுகிறது என்று நினைத்தேன், பைத்தியக்காரி. பிறகு சொன்னார்: "படியிலேயே வரச் சொல்லுமா. மெதுவா ஏறச் சொல்லு. என்னா அவசரம்?"

வீட்டுக்குள் வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி நின்றது. இவர் மட்டும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணனுக்கு மேலேர்ந்து பிரஷர் தனம். பாவம்லா," என்றார். என் புருஷனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான். யார் மிதித்தாலும், மிதித்தவன் காலுக்கு வலிக்குமோ என்று பார்ப்பார்.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு பி ப்ளாக் ஒய்.பி. கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு விருந்து வைத்தார். விருந்து முடிந்து லோரியில் சாமான் ஏற்றியபோது ஆறு நாற்காலிகள் ஏ ப்ளாக் படிக்கட்டுப் பக்கம் விட்டுப்போய்விட்டன. வெள்ளை நாற்காலி, முதுகில் சிவப்புச் சாயத்தில் ஒய்.பி. பெயர். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஹைதர் பாய்தான் அவற்றைப் பார்த்து, "தனம்மா, பாலன் உக்காந்து உக்காந்து ஏறட்டும்," என்று ஒவ்வொரு மாடியிலும் படி திரும்புகிற இடத்தில் ஒன்றாகப் போட்டார். முதல் மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் தேவைப்படவில்லை. ஒன்றுக்கு முதுகில் விரிசல். இவர் அதற்கு நீல டேப் சுற்றினார். ஐந்தாவது மாடியில் இருந்தது அதுதான்.

அந்த நாற்காலிகள் வந்த பிறகு இவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒரு மாடி ஏறுவார், உட்காருவார், மூச்சு வாங்குவார், "ஒய்.பி. மடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன் தனம், நீ முன்னாடி போ," என்பார். நான் போகமாட்டேன், பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். படியில் ஏறுகிற மற்றவர்களும் உட்கார்ந்து போவார்கள். யாரும் ஒன்றைக்கூடத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கம்போங் மேடானில் அது பெரிய விஷயம்.

மாமாவுக்கும் இது தெரியும். கிரில்லுக்கு அந்தப் பக்கம் நின்று, "நாற்காலி போட்டுருக்காப்ல, நல்லதுதான்," என்றுகூடச் சொன்னார்.

பிறகு எவனோ ஒருவன் படிக்கட்டில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டான். 'பக்கத்துத் தொகுதி ஒய்.பி. நம் தொகுதியில் நாற்காலி கொடுத்து ஓட்டு வளைக்கிறார், பாருங்கள்' என்று எழுத்து ஓடியது. நாற்காலி முதுகில் இருந்த பெயரைப் பக்கத்தில் போய்க் காட்டியிருந்தான். அன்று மாலை மாமா கிரில்லைத் திறந்துகொண்டு வந்தார். பல மாதத்துக்குப் பிறகு அது திறந்தது அன்றைக்குத்தான். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"பாலா, அந்த நாற்காலியெல்லாம் எடுத்தாகணும்டா. தொகுதி தாண்டி வந்துடுச்சுன்னு பிரச்சினையாவுது. பதவி அறிவிக்கிற நேரம். என் பேருதான் நாறும்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "எடுத்துக்கண்ணே," என்றார்.

மாமா கீழ் மாடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அடுக்கினார். நான் படியில் குறுக்கே நின்றேன். "மாமா, நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ். ஒரே ஒரு நாற்காலி, அஞ்சாவது மாடியில விடுங்க. பேரைச் சுரண்டிடுறேன். கரி பூசிடுறேன்."

"எங்க ஏரியா நாற்காலி தனம். கணக்குல வருது."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"என்னாத்துக்கு இப்போ கத்துற? ஜனங்க பார்க்கிறாங்க."

என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? மாமா இரண்டு கையிலும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தபோது, கிரில் தானாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் இடித்துக்கொள்ளக் கூடாதாம். மாமா போனதும் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"ஹைதர் பாய்கிட்ட நாலு ஸ்டூல் கேட்டுக்கலாம் தனம்," என்றார் உள்ளே வந்து. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கனத்த சோபா மட்டும்தான்.

ஹைதர் பாய் அன்றும் மறுநாளும் கடை அடைத்துவிட்டு சுங்கை பூலோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் இவர் டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறது, பார்த்துக் கூட்டிப் போங்கள் என்று வேன்காரத் தம்பி சொன்னான். இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவதில் நின்றார். படியில் உட்காருங்கள் என்றேன். "உக்காந்தா எந்திரிக்க முடியாது தனம்," என்றார். காலில் அவ்வளவு வீக்கம். ஐந்தாவது மாடி திரும்பியதும் அவர் பழக்க தோஷத்தில் பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடினார். உட்காருவது போலவே இடுப்பை இறக்கினார். அங்கே ஒன்றும் இல்லை. நான் பையைப் போட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்தேன். சட்டை என் கையில் வந்தது. அவர் படி முழுக்க உருண்டு கீழே போனார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது மூச்சு இல்லை.

மாமா ஓடி வந்தார். பொய் சொல்லமாட்டேன், மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "என் தம்பி, என் தம்பி" என்று ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது நடிப்பு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாசத்தை இடுப்பில் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தானே பாவி.

மறுநாள் எல்லாம் அவர்தான் ஏற்பாடு செய்தார். கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட வைத்தார். சரியாக பி ப்ளாக் பக்கம், கோட்டுக்கு உள்ளே. உடம்பைக் கீழேயே வைத்துச் சடங்கு முடித்துவிடலாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒய்.பி. வர முடியவில்லை. மலர்வளையத்தோடு அவருடைய உதவியாளர் யுகேந்திரன் வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதுகில் நீல டேப்.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யுகேந்திரன் சங்கடப்பட்டு, "ஆன்டி, என்னா வேணும் சொல்லுங்க," என்றார்.

"அந்த வீடியோவுக்கு உங்க ஒய்.பி. ரொம்பக் கோவிச்சுக்கிட்டாராப்பா?"

"எந்த வீடியோ?"

"நாற்காலி வீடியோ."

அவர் யோசித்தார். "ஓ, அதுவா. குரூப்புல வந்துச்சு. ஒய்.பி. பார்த்துருக்கவே மாட்டாரு ஆன்டி. நாற்காலிதானே, அதுக்கு யாரு கோவப்படுவா?"

"பாலத்துல பூட்டு போடச் சொன்னதும் அவரு இல்லையா?"

"பாலத்துல பூட்டா? ஏன்?" என்று யுகேந்திரன் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பெட்டி வந்தது. வேனின் கதவைத் திறந்தார்கள். நான் எழுந்தேன்.

"இங்க இறக்க வேணாம். அவரு வீட்டுக்கு ஏறிக்கிட்டிருந்தவரு. இன்னும் வீடு போய்ச் சேரல. வீட்டுல வச்சுத்தான் குளிப்பாட்டணும்."

சலசலப்பு வந்தது. எட்டு மாடியா, பெட்டியோடயா என்றார்கள். மாமா என்னருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். கண் சிவந்திருந்தது.

"சரி தனம், உன் இஷ்டம். எங்க லிஃப்ட்டுலயே கொண்டு போவோம். கொஞ்சம் சாய்ச்சு வச்சா போயிடும். கிரில்லைத் திறந்தே வச்சுட்டேன்."

"வெளி ஏரியாக்காரராச்சே மாமா. கமிட்டி ஒன்னும் சொல்லாதா?"

அவர் நான் குத்துகிறேன் என்று புரிந்துகொள்ளவில்லை. நிஜமாகவே எனக்குச் சமாதானம் சொன்னார். "சொல்லாதுமா. இனிமே அவனுக்கு ஓட்டு இல்லையே."

இதைச் சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். என் கை அவரை அறைந்துவிடும் என்று பயந்து முந்தானைக்குள் கட்டிக்கொண்டேன்.

"லிஃப்ட் வேணாம்," என்றேன். "ஏ ப்ளாக் படி. அவரு ஏறின படி. நீங்க மூத்தவரு, பின்னாடி பிடிங்க."

படியில் பெட்டி ஏறும்போது பாரம் முழுக்கப் பின்னால் பிடிப்பவன் மேல்தான் இறங்கும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். விஷ்ணுப்ரியா என் கையைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா. பெரியப்பாவுக்கு அறுபத்தஞ்சாவுது." நான் அவள் கையை எடுத்துவிட்டேன். மறுக்கிறாரா பார்ப்போம் என்று மாமா முகத்தைப் பார்த்தேன். ஒய்.பி. ஆள் நிற்கிறார், இரண்டு ப்ளாக் ஜனமும் நிற்கிறது. மறுக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டினார்.

முன்னால் ஹைதர் பாயும் ஏ ப்ளாக் ஆட்கள் இருவரும், பின்னால் மாமாவும் இன்னொருவரும் பிடித்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் ஏறினேன். இரண்டாவது மாடி வரை மாமா ஏதோ முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் சத்தம் நின்றது, மூச்சுதான் கேட்டது. நான்காவதில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கூடப் பிடித்தவர், "அங்கிள், ஆளை மாத்திக்கலாம்லா," என்றார்.

"அவரு தம்பிய அவருதான் தூக்கணும்," என்றேன். யாரும் கை மாற்ற முன்வரவில்லை. நேற்று வரை கேஸ் தோம்பைத் தோளில் வைத்து இந்தப் படியில் ஏறியவர்கள்தானே எல்லாரும்.

ஐந்தாவது மாடி திரும்புகிற இடத்தில் மாமாவின் முழங்கால் மடங்கியது. பெட்டி சாய்ந்தது. ஹைதர் பாய் "யா அல்லா" என்று முன்னால் இழுத்துப் பிடித்தார். மாமா ஒரு தோளில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றார். உதடு நீலமாக இருந்தது. ஒரு கையைப் பின்னால் நீட்டி, சுவரோரம் எதையோ தேடினார். அதே இடம்.

"தனம்," என்றார். "முடியலம்மா. ஒரு நாற்காலி... உக்காந்துட்டு..."

"நாற்காலி எல்லாம் உங்க ஏரியாவுல இருக்கு மாமா," என்றேன். "மெதுவா ஏறுங்க. என்னா அவசரம்?"